எத்தனை பாலில் அடித்தான்?

2023 ஜூலை 10. தாழையூத்தை ஒட்டிய சங்கர் நகர் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) போட்டியின் இரண்டாவது குவாலிஃபயர். திண்டுக்கல் டிராகன்ஸை எதிர்த்து ஆடிய நெல்லை ராயல் கிங்ஸுக்கு 12 பந்தில் 37 ரன் வேண்டும். சொந்த ஊர்க்காரர்கள் நிறைந்த மைதானம். 19வது ஓவரில் மட்டும் 33 ரன் வந்து விழுந்தது. ஒரு பக்கம் அஜிதேஷ் குருசாமி நிலைத்து நிற்க, இன்னொரு பக்கம் ரித்திக் ஈஸ்வரன் ஆட்டத்தையே புரட்டிப் போட்டார். நெல்லை இறுதிப் போட்டிக்குப் போனது. ஈஸ்வரன் எடுத்தது 39 ரன்.

வெறும் 39 என்று சொன்னால் அந்த இரவைப் பார்க்காதவருக்கு ஒன்றும் விளங்காது. அரை சதம்கூட இல்லையே என்பார். 11 பந்தில் 39 என்று சொன்னால்தான் நிமிர்ந்து உட்காருவார். 39ஐ 11ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 354. அதே வேகத்தில் நூறு பந்து ஆடியிருந்தால் 354 ரன் வந்திருக்கும் என்று அதற்குப் பொருள். இதுதான் ஸ்ட்ரைக் ரேட். ஒன்பதாம் வகுப்புப் பையன் கணக்குப் பரீட்சையில் தடுமாறினாலும் இந்தக் கணக்கை மனசிலேயே போட்டுவிடுவான்.

முன்பெல்லாம் ஆட்டம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் "எவ்வளவு அடிச்சான்?" என்றுதான் கேட்பார்கள். இப்போது அடுத்த மூச்சிலேயே "எத்தனை பால்ல?" என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. அந்த இரண்டாவது கேள்வி பிறக்கக் கிரிக்கெட்டுக்கு நெடுங்காலம் ஆயிற்று. காரணம் எளிது. யாராவது எண்ணி எழுதி வைத்தால்தானே பதில் சொல்ல முடியும்?

பழைய ஸ்கோர் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். பேட்ஸ்மேன் பெயருக்கு நேரே 1, 4, 2, 1, 4 என்று அடித்த ரன்கள் மட்டும் வரிசையாக இருக்கும். இரண்டு பவுண்டரிக்கு நடுவே அவர் பத்துப் பந்தைத் தடுத்தாடியிருந்தாலும் அந்த வரியில் தடயம் இருக்காது. பந்து எண்ணப்பட்ட இடம் வேறு. கீழே பந்துவீச்சாளருக்கான பகுதியில் ஓவருக்கு ஒரு சிறு கட்டம். ரன் போகாத பந்துக்கு ஒரு புள்ளி, விக்கெட் விழுந்தால் W, வைடுக்குக் கூட்டல் குறி, நோ பாலுக்கு வட்டம். ஆறும் புள்ளியாகவே அமைந்துவிட்டால் அந்தப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்து M என்று மெய்டன் போடுவார்கள். நன்றாக எழுதப் பழகிய ஸ்கோரரின் கையில் அந்த M அழகாக விழும். ஆக, வீசியவன் எத்தனை பந்து வீசினான் என்பதற்குச் சாட்சி இருந்தது. ஆடியவன் எத்தனை பந்து ஆடினான் என்பதற்கு இல்லை.

அதனால் இந்தக் கணக்கு முதலில் பந்துவீச்சாளரின் வீட்டில்தான் பிறந்தது. ஒரு விக்கெட் எடுக்க அவருக்கு எத்தனை பந்து தேவைப்பட்டது என்பதே பந்துவீச்சு ஸ்ட்ரைக் ரேட். இதில் எண் குறையக் குறையச் சிறப்பு. பேட்டிங்கில் கூடக் கூடச் சிறப்பு. ஒரே பெயரில் எதிரெதிர்த் திசையில் போகிற இரண்டு கணக்குகள். புதிதாக ஆட்டம் பார்க்க உட்காருகிறவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புவார்கள்.

ஓவரை விட்டுவிட்டு ஏன் பந்தை எண்ண வேண்டும்? ஓவரின் அளவே நிலையாக இருந்ததில்லை என்பதுதான் காரணம். இங்கிலாந்தில் 1888 வரை ஓவருக்கு நான்கு பந்து. பிறகு ஐந்து. 1900இல்தான் ஆறு ஆயிற்று. ஆஸ்திரேலியாவில் 1970களின் கடைசிவரைகூட எட்டுப் பந்து ஓவர் புழக்கத்தில் இருந்தது. இங்கிலாந்தின் ஜார்ஜ் லோமன் 1886 முதல் 1896 வரை 18 டெஸ்டில் 112 விக்கெட் எடுத்தார். நான்கு பந்து, ஐந்து பந்து, ஆறு பந்து என மூன்று வகை ஓவரும் வீசியவர் அவர். இத்தனை ஓவரில் இத்தனை விக்கெட் என்று அவரைப் பற்றிச் சொல்வதில் பொருளே இல்லை. பந்தாக மாற்றினால் ஏறக்குறைய 34 பந்துக்கு ஒரு விக்கெட் என்று தெளிவாகச் சொல்லலாம். அவருக்கு நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்களோடும் அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம் சுழல் நால்வரில் இருவரை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். சென்னையின் எஸ். வெங்கட்ராகவன் டெஸ்டில் 14,877 பந்து வீசி 156 விக்கெட் எடுத்தார். ஒரு விக்கெட்டுக்கு 95 பந்து. கர்நாடகத்தின் பி.எஸ். சந்திரசேகர் 15,963 பந்தில் 242 விக்கெட், அதாவது 66 பந்துக்கு ஒன்று. அதே சமயம் வெங்கட் ஓவருக்குக் கொடுத்தது 2.27 ரன், சந்திரா கொடுத்தது 2.7. ஒருவர் கயிற்றை இறுக்கிப் பிடித்து ரன்னை அடக்கியவர், இன்னொருவர் ரன்னைக் கொடுத்து விக்கெட்டைப் பறித்தவர். சராசரியை மட்டும் பார்த்தால் வெங்கட்டுக்கு 36, சந்திராவுக்கு 29.74. யார் மேல் என்று அது சொல்லும். எப்படி வேறுபட்டார்கள் என்று சொல்லாது. ஸ்ட்ரைக் ரேட்டையும் ஓவருக்குக் கொடுத்த ரன்னையும் பெருக்கி ஆறால் வகுத்தால் அதே சராசரி வந்துவிடும். ஒரு சராசரிக்குள் ஒளிந்திருந்த இரண்டு குணங்களைப் பிரித்துக் காட்டியதுதான் இந்த எண் செய்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். வெங்கட்டின் பந்தில் விக்கெட் தாமதமாக விழுந்ததை வைத்து அவரைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. எதிர்முனையில் சந்திராவோ, நால்வரில் இன்னொருவரான பேடியோ தாக்கிக்கொண்டிருக்க, ரன் கசியாமல் ஒரு முனையைப் பூட்டி வைத்த ஆள் அவர். 2.27 என்ற எண்ணையும் சேர்த்துப் படிப்பவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

ஆடுகிறவனின் பந்தை எண்ணத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் சிட்னிக்காரர் பில் ஃபெர்குசன். ஊர் சுற்ற ஆசைப்பட்ட அவர், ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் மான்டி நோபிள் பல் வைத்தியர் என்பதால், பல்லைக் காட்டப் போன இடத்திலேயே அணியோடு சேர வழி பண்ணிக்கொண்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1905இல் ஆஸ்திரேலிய அணியோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஸ்கோர் எழுதுவதோடு அணியின் பெட்டி படுக்கைகளைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. பிறகு அரை நூற்றாண்டு இதுவே தொழில். பேட்ஸ்மேன் எந்தத் திசையில் அடித்தார் என்று நடுவிலிருந்து கோடு இழுத்துப் படம் வரைந்ததும் அவர்தான். இன்று தொலைக்காட்சியில் வண்டிச் சக்கரம் போல விரியும் படத்துக்கு மூலம் அது. ஒவ்வொரு பந்தையும் யார் வீசினார், யார் எதிர்கொண்டார் என்று ஒரே வரியில் எழுதுகிற முறையும் இப்படிப்பட்டவர்களின் கையில் உருவாகி வந்தது. அதை மேலும் செம்மைப்படுத்தியவர் 1966 முதல் பி.பி.சி. வானொலி வர்ணனைக்கு ஸ்கோர் எழுதிய பில் ஃப்ரிண்டல். ஓவருக்கு ஒரு வரி. அந்த வரியிலேயே நேரம், வீசியவர், இரு முனையிலும் நிற்பவர்கள் ஆடிய பந்து, அணியின் மொத்தம் எல்லாம் இருக்கும். தொடக்க ஆட்டக்காரர் முப்பதாவது பந்தில் எத்தனை ரன்னில் இருந்தார் என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டிவிடலாம்.

எல்லா மைதானத்திலும் இப்படிப்பட்டவர் உட்கார்ந்திருக்கவில்லை. டான் பிராட்மனின் சராசரி 99.94 என்பது உலகத்துக்கே மனப்பாடம். ஆனால் அவர் தன் 6,996 டெஸ்ட் ரன்னை மொத்தம் எத்தனை பந்தில் எடுத்தார் என்று முழுமையாகச் சொல்ல முடியாது. சில இன்னிங்ஸுக்குப் பந்துக் கணக்கே எஞ்சவில்லை. கிரிக்கெட்டின் மிகப் பெரிய ஆட்டக்காரருக்கே அந்தக் கட்டத்தில் ஓட்டை இருக்கிறது.

அன்றைக்கு யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. ஐந்து நாள் ஆட்டத்தில் பந்துக்குப் பஞ்சம் கிடையாது. நூறு அடிக்க எவ்வளவு நேரம் எடுத்தார் என்று மணிக்கணக்கில்தான் எழுதுவார்கள். பந்துக்குப் பஞ்சம் வந்தது ஒருநாள் ஆட்டத்தில். 1971 ஜனவரி 5 அன்று மெல்போர்னில் நடந்த முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டியில் அணிக்கு 40 ஓவர், ஓவருக்கு எட்டுப் பந்து. ஆஸ்திரேலியா 34.6 ஓவரில் ஜெயித்தது. இன்றைய கண்ணில் 34.6 என்பது அச்சுப்பிழை மாதிரித் தெரியும். பந்தாக எண்ணினால் 278. இப்போதைய ஓவர் கணக்கில் 46 ஓவரைத் தாண்டிவிடும்.

பந்து வரம்பானதும் வீணான ஒவ்வொரு பந்தும் உறுத்த ஆரம்பித்தது. அதற்குப் பெரிய சாட்சி 1975 ஜூன் 7, லார்ட்ஸ் மைதானம், ஆண்களுக்கான முதல் உலகக் கோப்பையின் முதல் நாள். இந்திய அணியின் கேப்டன் நம் வெங்கட்ராகவன். இங்கிலாந்து 60 ஓவரில் 4 விக்கெட்டுக்கு 334 எடுத்தது. தொடக்கத்தில் இறங்கிய சுனில் கவாஸ்கர் 60 ஓவரும் நின்றார், ஆட்டமிழக்கவும் இல்லை. எடுத்தது 36. இந்தியா 3 விக்கெட்டுக்கு 132 எடுத்து 202 ரன்னில் தோற்றது. டெஸ்ட் கணக்கில் எழுதினால் '36 நாட் அவுட்', கௌரவமான வரி. பக்கத்தில் 174 பந்து என்று எழுதியதும் அதன் முகமே மாறிவிடுகிறது. ஸ்ட்ரைக் ரேட் 20.69. மொத்தம் 360 பந்தில் கிட்டத்தட்டப் பாதியை ஒருவரே எடுத்துக்கொண்டார் என்பதை அந்த ஓர் எண் காட்டிக்கொடுக்கிறது. கவாஸ்கரின் மேதைமையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அன்றைய ஆட்டத்துக்கு வேண்டிய அளவுகோல் வேறாக இருந்தது.

ஸ்கோரர் வைத்த அதே புள்ளிகள் இன்னொரு இன்னிங்ஸைக் காப்பாற்றியும் கொடுத்தன. 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ். ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட். அங்கிருந்து கபில் தேவ் 175 நாட் அவுட். அந்த ஆட்டத்துக்கு ஒளிப்பதிவு கிடையாது. நம்மில் யாரும் அதைத் திரையில் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. இருந்தும் 138 பந்து, 16 பவுண்டரி, 6 சிக்ஸர், ஸ்ட்ரைக் ரேட் 126.81 என்று இன்றும் சொல்ல முடிகிறது. மைதானத்தில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தவர் ஒரு பந்தையும் விடாமல் குறித்ததால் வந்த எண்கள் இவை. கேமரா இல்லாத இடத்தில் அந்த நோட்டுதான் கேமரா. ஸ்ட்ரைக் ரேட் என்ற எண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டிய ஆள் யார் என்று என்னைக் கேட்டால், வகுத்துப் பெருக்கியவரை அல்ல, புள்ளி வைத்தவரைத்தான் சொல்வேன்.

ஒரு வாரம் கழித்து நடந்த இறுதிப் போட்டி இந்த எண்ணின் எல்லையையும் காட்டியது. கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் 57 பந்தில் 38. விவ் ரிச்சர்ட்ஸ் 28 பந்தில் 33. ஸ்ட்ரைக் ரேட் பட்டியலில் ரிச்சர்ட்ஸ் 117, நம் ஸ்ரீகாந்த் 66. ஆண்டி ராபர்ட்ஸின் பந்தை ஒரு முழங்காலை மடித்து ஸ்கொயர் டிரைவ் அடித்த மனிதருக்கு 66 என்பது மந்தமான எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இரு அணியிலும் அன்று அதிக ரன் எடுத்தது அவர்தான். இந்தியா 183க்குச் சுருண்ட ஆடுகளத்தில், மேற்கிந்தியத் தீவுகள் 140இல் முடிந்த ஆடுகளத்தில், அந்த 38தான் கோப்பைக்கு அஸ்திவாரம். எந்த ஆடுகளம், எந்தப் பந்துவீச்சு, இன்னும் எத்தனை ரன் தேவை என்பதெல்லாம் தெரியாமல் ஸ்ட்ரைக் ரேட்டைத் தனியாகப் பிடித்துக்கொண்டு பேசுவது வீண்.

2003இல் இங்கிலாந்தில் டி20 பிறந்தது. அணிக்கு 120 பந்து. அதன்பின் இந்த எண்ணுக்கு வந்த செல்வாக்கைச் சொல்லி மாளாது. சராசரி பின்னுக்குப் போய், ஏலத்தில் முதலில் பார்க்கிற எண்ணாக ஸ்ட்ரைக் ரேட் ஆனது. இந்தக் கதை இங்கே தாழையூத்துக்குத் திரும்பி வருகிறது. தாமிரபரணிக் கரையில் இருக்கும் கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த எஸ்.என்.என். சங்கரலிங்கய்யரும் டி.எஸ். நாராயணசாமியும் 1946இல் தொடங்கிய நிறுவனம் இந்தியா சிமெண்ட்ஸ். தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லை நம்பி 1949இல் ஆலை ஓட ஆரம்பித்தது. சங்கர் நகர் என்ற பெயர் சங்கரலிங்கய்யரிடமிருந்து வந்தது. அதே நிறுவனம் 2008இல் 9.1 கோடி டாலருக்கு சென்னை சூப்பர் கிங்ஸை எடுத்தது. 2016இல் டி.என்.பி.எல். தொடங்கியபோது ஆலைக்காரர்களின் மைதானம் மாநிலத்தின் முக்கிய மைதானங்களில் ஒன்றாயிற்று. சென்னைக்கு ரயிலேறிப் போய்ப் பார்க்க வேண்டியிருந்த ஆட்டத்தை மதுரை ரோட்டில் பஸ் ஏறிப் பார்க்கும் வசதி நெல்லைக்காரர்களுக்கு வந்தது. ஆடுகிறவரின் ஸ்ட்ரைக் ரேட்டைப் பெரிய திரையில் பார்த்தபடி "இன்னும் ஏத்துல" என்று கத்துகிற தலைமுறையும் வந்தது.

மைதானத்தைத் தாண்டி அரசியலுக்குள்ளும் இந்தச் சொல் நுழைந்துவிட்டது. 2021 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் 25 இடத்தில் நின்று 18இல் ஜெயித்ததும் ஸ்ட்ரைக் ரேட் 72 என்றார்கள். 2016இல் 41 இடத்தில் நின்று 8இல்தான் ஜெயித்திருந்தது. கூட்டணியில் சீட்டுப் பேரம் நடக்கும்போதெல்லாம் இந்த எண் மேசைக்கு வருகிறது. எந்தத் தொகுதி, எதிரே யார் என்று பார்க்காமல் சொல்லப்படும்போது, ஆடுகளம் பார்க்காமல் ஸ்ரீகாந்தை எடைபோடுகிற அதே பிசகு இங்கேயும் நடக்கிறது.

ஆனால் இந்த எண் இன்று மெய்யாகவே உயிரோடு இருக்கும் இடம் நம் வயல்காடுதான். பிசான அறுவடை முடிந்து, கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணை திறக்கும் வரை சேரன்மகாதேவி, வீரவநல்லூர், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் டென்னிஸ் பால் டோர்னமென்ட் காலம். அரிதாளை மிதித்துச் சமப்படுத்திய வயல், அல்லது வற்றிய குளத்தின் உள்வாய். ஆறு ஓவரோ எட்டு ஓவரோ ஆட்டம். சுழற்கோப்பை, பிளெக்ஸ், மைக் செட். கையெழுத்து நன்றாக இருக்கிற ஒரு பையனிடம் கோடு போட்ட நோட்டைக் கொடுத்து வேப்ப மரத்தடியில் உட்கார வைப்பார்கள். இப்போது பல ஊரில் கிரிக்ஹீரோஸ் மாதிரிச் செயலியில் பந்துக்குப் பந்து பதிகிறார்கள். ஆட்டம் முடியும் முன்பே ஒவ்வொருவரின் ஸ்ட்ரைக் ரேட்டும் அவரவர் செல்போனுக்கு வந்துவிடும். பிராட்மனுக்கு இல்லாத முழுக் கணக்கு, வார நாளில் வெல்டிங் பட்டறையில் நிற்கிற தொடக்க ஆட்டக்காரருக்கு இருக்கிறது.

நோட்டோ செயலியோ, எழுதுகிறவனுக்கு விதி தெரிந்திருக்க வேண்டும். வைடு பேட்ஸ்மேன் கணக்கில் ஆடிய பந்தாகச் சேராது. அவரால் எட்டி அடிக்க முடியாத பந்து அது. நோ பால் சேரும். அதில் அவர் ரன் எடுக்கலாம். அதே நோ பால், வீசியவரின் ஆறு பந்துக் கணக்கில் சேராது. லெக் பையில் ஓடியது பேட்ஸ்மேனுக்கு ரன் இல்லை, ஆனால் பந்து உண்டு. உள்ளூர் ஆட்டங்களில் தகராறு வருவதே இங்கேதான். பத்துக்கு மேலே சிக்ஸர் பறந்த ஆட்டத்திலும், சிறந்த பேட்ஸ்மேன் பரிசுக்கு இருவர் ஒரே ரன்னில் நின்றால் குறைந்த பந்து யாருக்கு என்று நோட்டைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும்.

"ஏல, எட்டு பால்தான ஆடுனேன். ஒம்பதுன்னு எப்பிடில போட்ட?"

"நோ பாலயும் சேத்துண்ணே."

"அது என் கணக்குல எப்பிடில வரும்?"

பையன் வட்டம் போட்ட இடத்தில் பென்சிலை வைப்பான்.

"அந்தப் பால்லதாண்ணே சிக்ஸ் அடிச்சீங்க. ஆறு வேணும்னா பாலும் வேணும்லா?"